தகுதிச் சுற்றில் 630 போடுகிறவர் பைனலில் சறுக்குவது ஏன்?

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 60 ஷாட்டுக்கு 630 தாண்டுகிற, அதாவது ஷாட்டுக்குச் சராசரி 10.5 போடுகிற ஆட்களே பைனலில் 10.1, 9.8 என்று இறங்குகிறார்கள். துப்பாக்கியும் தூரமும் அதேதான். "டென்ஷன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்?

எட்டாம்_லேன்: முதலில் கடிகாரம். தகுதிச் சுற்றில் 75 நிமிடமும் உங்கள் கையில். சரியில்லை என்றால் ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு உட்காரலாம். பாரிஸ் 2024 பைனலில் ஐந்து ஐந்தாக இரண்டு சீரிஸ், தலா 250 விநாடி. பிறகு கமாண்டுக்கு (சுடச் சொல்லும் அறிவிப்புக்கு) ஒரு ஷாட், 50 விநாடி. 12-வது ஷாட்டோடு ஒருவர் வெளியே, அப்புறம் இரண்டு ஷாட்டுக்கு ஒருவர். தகுதிச் சுற்றுப் புள்ளி எதுவும் கூட வராது. நம் அர்ஜுன் பபுதா 20-வது ஷாட்டில் 9.5 போட்டு, 208.4-உடன் நான்காவதாக நின்றார்.

குறிமுள்: அதோடு நாடித்துடிப்பு. முன் சைட் (குழல் முனையிலுள்ள குறிபார்க்கும்) வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் துடிப்பது கண்ணுக்கே தெரியும். அது அடங்கட்டும் என்று காத்திருப்பதுதான் வினை. பைனலில் அது அடங்காது. பத்து விநாடி தாண்டினால் தசை தளரும், கண் பழைய படத்தையே பிடித்துக்கொண்டிருக்கும், கடைசியில் விரல் டிரிகரை வெடுக்கென்று இழுக்கும். இலக்கின் நடுவில் 10.0-க்கான புள்ளியே அரை மில்லிமீட்டர்தான். தேர்ந்தவர்கள் துடிப்பை ஆபத்து என்று படிப்பதில்லை, பைனல் என்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சைட் குறியில் படிந்து 8 விநாடிக்குள் ஷாட் போகவில்லை என்றால், சுடாமல் ரைஃபிளை இறக்கிவிட வேண்டும். கமாண்ட் வந்து 15 விநாடிக்குள் முதல் முறை ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றினால், இறக்கி மூச்சுவிட்டு இன்னொரு முறை ஏற்ற நேரம் இருக்கும். பலர் சொதப்புவது இங்கேதான்: 30-வது விநாடியில் ஏற்றுவார்கள், இறக்கத் துணிவு வராது.

பயிற்சிக்கு: வேறொருவர் கமாண்ட் கொடுக்கட்டும், ஸ்பீக்கரில் கூட்டச் சத்தம் ஓடட்டும். ஐந்தில் ஒரு ஷாட்டை வேண்டுமென்றே இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

கேட்டவர்: ஸ்கிப்பிங் பண்ணித் துடிப்பை ஏற்றிவிட்டுச் சுடச் சொல்கிறார்களே, உதவுமா சார்?

எட்டாம்_லேன்: ஓரளவுக்கு. ஓடி வரும் துடிப்பு சீக்கிரம் இறங்கிவிடும், பைனல் துடிப்பு இறங்காது. தோற்றால் ஏதாவது இழக்கிற மாதிரி எலிமினேஷன் வைத்துச் சுடுவது அதைவிட மேல். ஸ்கோர் போர்டைப் பார்ப்பதா வேண்டாமா என்பதையும் முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள், நடுவில் மாற்றக் கூடாது. பீஜிங் 2008-இல் கடைசி ஷாட்டுக்கு முன் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹாக்கினெனும் சமநிலை. பிந்த்ரா 10.8, ஹாக்கினென் 9.7.

குறிமுள்: பிஸ்டல் என்றால் இன்னொன்று. டிரிகர் எடை குறைந்தது 500 கிராம். கை குறிக்கு இறங்கி நிற்கும் முன்பே டிரிகரின் முதல் அழுத்தம் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 8 விநாடி கணக்கு உதவாது.