சோலார் பம்புக்குப் பேட்டரி வேண்டுமா, தொட்டி போதுமா?

மேட்டுநிலத்தான்:
"பேட்டரி இல்லாத சோலார் பம்பு மாலையோடு செத்துவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மின்கம்பி எட்டாத காட்டில் பயிர் வைத்திருப்பவர் இதை நம்பிக் கடன்பட்டுப் பேட்டரி வாங்கினால், அந்தப் பாவம் யாரைச் சேரும்? தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். ஈய அமில பேட்டரியோ 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிடும். வெயில் உள்ளபோது நீரை ஏற்றி நிரப்பி வைத்தால், இரவில் வால்வைத் திறந்து பாய்ச்சிக்கொள்ளலாம். தொட்டிதான் பேட்டரி.

மின்கணக்கன்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். "தொட்டிதான் பேட்டரி" என்பது மேடையில் கைதட்டல் வாங்கும், கணக்கில் நிற்காது. 1,000 லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்த 2.7 வாட் மணி ஆற்றல் போதும். அப்படியானால் 10 மீட்டர் உயரத்தில் 20,000 லிட்டர் வைத்தாலும் அதில் இருப்பது ஏறத்தாழ அரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி). 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றே அதைப்போல் இருமடங்கு கொள்ளும்.

மேட்டுநிலத்தான்:
பயிர் யூனிட்டைக் குடிப்பதில்லை, தண்ணீரைத்தான் குடிக்கிறது. 50 மீட்டர் ஆழத்திலிருந்து அதே 20,000 லிட்டரைத் தரைக்குக் கொண்டுவர, மோட்டாரிலும் பம்பிலும் பாதி வீணாகிறது என்று வைத்தால், 5 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அந்த வேலை முழுவதும் பகலிலேயே முடிந்துவிட்டது. முடிந்த வேலைக்கு இரவில் எதற்கு ஐயா மின்சாரம்?

ஈரமண்:
இருவருமே பம்பின் வகையைக் கேட்கவில்லை. சக்கரம் சுழன்று நீரை வீசித் தள்ளும் மையவிலக்குப் பம்பின் வேகம் பாதியானால் அது நீரைத் தூக்கும் உயரம் கால் பங்காகிவிடும். அதனால்தான் காலை இளவெயிலில் மோட்டார் சுற்றும் ஓசை கேட்டும் குழாய் வாயில் ஒரு சொட்டும் விழுவதில்லை. திருகுபோன்ற தண்டு சுழன்று நீரை மேலே நகர்த்தும் திருகுச் சுழலிப் பம்பு குறைந்த வேகத்திலும் கொஞ்சமாவது ஏற்றும். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: வெயிலுக்கு விலையில்லை என்பதால் யாரும் பம்பை நிறுத்த மாட்டார்கள், நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும்.

மேட்டுநிலத்தான்:
அந்தக் கவலைக்கும் தொட்டியே மருந்து. நிறைந்ததும் மிதவை சுவிட்ச் மேலெழுந்து பம்பை நிறுத்திவிடும்.

ஈரமண்:
அந்தச் சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வாய்க்காலில் விடுபவரை எது நிறுத்தும்? அதற்குத் தங்களிடம் பதில் இல்லை.

மின்கணக்கன்:
சென்ற ஆண்டு டீசல் இன்ஜின் விவாதத்திலும் மேட்டுநிலத்தான் இப்படித்தான் செலவைக் கேட்டதும் நழுவினார். சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு பார் அழுத்தம் வேண்டுமென்றால் 10 மீட்டர் உயரம் வேண்டும். அங்கே 20,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 20 டன். அந்தக் கோபுரத்தை யார் கட்டித் தருவது? பேட்டரி என்றதும் ஈய அமிலத்தையே பிடித்துக்கொள்கிறீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பத்தாண்டுகள் தாங்கும்.

மேட்டுநிலத்தான்:
நான் எங்கும் நழுவவில்லை. அன்று பதில் எழுதியபோது தாங்கள்தான் படிக்கவில்லை. கோபுரம் யாருக்கு வேண்டும்? என் தொட்டி இரண்டு மீட்டர் மண்மேட்டின் மேல் இருக்கிறது. சிறு பாத்திகளுக்கான குறைந்த அழுத்தச் சொட்டுநீர் அதிலேயே ஓடுகிறது. அதற்கு முன் நானும் பேட்டரி வைத்திருந்தவன்தான். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த பொடியைச் சுரண்டிச் சுரண்டி விரல் எரிந்ததும், காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய் அதற்காக அரைநாள் நடந்ததும், பூ விட்டிருந்த செடிகள் அந்த வாரமே வாடி நின்றதும் எனக்குத்தான் தெரியும். பத்தாண்டு தாங்கும் பேட்டரியின் கட்டுப்பாட்டுப் பலகை பழுதானால், அத்தனை தொலைவுக்கு யார் வந்து பார்ப்பார்? தொட்டியில் விரிசல் விட்டால் நானே சிமெண்டு பூசுவேன். மூன்று நாள் மேகம் மூடினாலும் நிறைந்த தொட்டி பயிரைக் காப்பாற்றும்.

மின்கணக்கன்:
அரை யூனிட் என்றேன். அதை ஒருவரும் மறுக்கவில்லை.

மேட்டுநிலத்தான்:
மறுக்க வேண்டிய தேவையே இல்லை என்பதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த 5 யூனிட் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.