சாரல் வந்தா டச் பேனல் தானா ஓடுது, என்ன செய்யலாம்?

லவ்டேல்_வயரிங்:
ஊட்டியில ஒரு சின்ன கலைக்கூடம். தோடர் (நீலகிரிப் பழங்குடி) பூவேலை போட்ட துணிக்குப் பின்னால 8 தாமிர டேப் பட்டை, தொடுதலை உணர்ற எம்பிஆர்121 சிப், அதை ஓட்ட ஆர்டுயினோங்கற குட்டிக் கன்ட்ரோலர் போர்டு. பூவைத் தொட்டா ஒலிப்பதிவு ஓடணும். வெயில் காலத்துல ஒழுங்கா ஓடுச்சு. ஜூன் சாரலுக்கு அப்புறம் யாரும் தொடாமலே ஓடுது. த்ரெஷோல்டை (எவ்வளவு மாற்றம் வந்தா தொட்டதா எடுத்துக்கணும்ங்கற அளவை) ஏத்தினா போதுமா? விற்பனை மேசைக்கு அதே பூவேலையில பையும் புக்மார்க்கும் செய்யப் போறோம், அதுக்கும் யோசனை சொல்லுங்க.

சால்டர்_கன்:
போதாதுங்க. பருத்தி ஈரம் குடிச்சதும் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சிடும். சிப்போட லைப்ரரியில (ரெடிமேட் கோடுல) தொட்டதுக்கு 12, கையை எடுத்ததுக்கு 6னு த்ரெஷோல்ட் இருக்கும். அதை ஏத்தினா வெயில் நாள்ல பேனல் செத்துப்போகும்.

துணியைத் தொடுபரப்பா வைக்காதீங்க. மேல 3 மி.மீ. அக்ரிலிக். டேப்பை அக்ரிலிக்கோட அடிப்பக்கத்துல, பூவுக்குப் பக்கத்துல, காற்றுக்குமிழ் இல்லாம ஒட்டுங்க. குமிழ் இருந்தா அந்த இடம் மந்தமாகும். அக்ரிலிக் சிக்னலைக் குறைக்கும், அதனால பட்டை ஒவ்வொண்ணும் 3 செ.மீ. அகலம், நடுவுல 2 செ.மீ. இடைவெளி. துணி டேப்பைத் தொடக்கூடாது. பட்டையிலிருந்து சிப்புக்கு வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீள வயரே ஆன்டெனா ஆயிடும். கரண்ட் போய் வரும்போது யாராவது கை வெச்சிருந்தா சிப் அதையே சும்மா இருக்கற நிலைன்னு எடுத்துக்கும், அதனால காலையில ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒரு ரீசெட்.

குன்னூர்_பெஞ்ச்:
டிசம்பர்ல பாதிப் பேர் கம்பளிக் கையுறையோட வருவாங்க, அதுக்கு என்ன பண்ணுவீங்க? 30 மி.மீ. ஆர்கேட் பட்டன் (வீடியோ கேம் மெஷின்ல வர்ற பெரிய அழுத்து பட்டன்) போடுங்க. ஆர்டுயினோ பின்னுக்கு இன்புட்_புல்லப் (பட்டனை அழுத்தாதப்போ சிக்னல் அலையாம பிடிச்சு வைக்கற அமைப்பு), 30 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (ஒரு அழுத்தத்தைப் பல தடவையா எண்ணாம இருக்க), அவ்வளவுதான். பார்க்க அழகு குறைச்சல்தான், ஆனா சாரலும் கையுறையும் அதை ஒண்ணும் பண்ணாது.

ஊசிநூல்:
விற்பனைப் பொருளுக்கு: தோடர் பூவேலைக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. டிஜிட்டல் பிரிண்டை அந்தப் பெயர்ல விற்காதீங்க. பாவு, ஊடை இழைகளை எண்ணித்தான் சிவப்பும் கறுப்பும் போடறாங்க, அதனால இழை கண்ணுக்குத் தெரியற தடிப் பருத்தியே வேணும். வழவழ பாப்ளின்ல இழை எண்ணவே முடியாது. பைக்கு வெட்டற அளவை முதல்லயே சொல்லி, தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு வாங்குங்க. போட்ட பூவை நடுவுல வெட்டினா நூல் உருவிக்கும். சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில 10 நிமிஷம் அழுத்திப் பாருங்க, சாயம் விட்டா அந்த நூல்கண்டை ஒதுக்கிடுங்க.

பூத்துக்குளி, அதாவது இந்தப் பூவேலை போட்ட தோடர் போர்வை, சாவுச் சடங்குலயும் உடலுக்குப் போர்த்தறது. எந்தப் பூவைப் பையில போடலாம்னு மந்துல (தோடர் குடியிருப்புல) கேட்டுட்டு ஆர்டர் குடுங்க. பழைய போர்வை ஏதும் காட்சியில இருந்தா 50 லக்ஸுக்கு (வெளிச்ச அளவு) மேல வெளிச்சம் வேண்டாம், துணி மங்கிடும்.