புதுப்பிப்பு: கிலாவேயா பள்ளம், நான் எழுதுனதுல ஒரு திருத்தம்

போன வாரம் ஹவாய்ல இருக்குற கிலாவேயா எரிமலை பத்தி எழுதுனப்போ, 2018ல உச்சிப் பள்ளம் வெடிச்சுதான் பெருசாச்சுனு சொல்லிட்டேன், தப்புங்க. அடியில இருந்த மாக்மா, அதாவது உருகின பாறைக் குழம்பு, கிழக்குப் பக்கமா வடிஞ்சு போக, முட்டுக்கொடுக்க ஒண்ணுமில்லாம தரை 500 மீட்டர் வரைக்கும் உள்ள இறங்கிடுச்சு. அந்தப் பள்ளத்தோட ஆழத்த விஞ்ஞானிங்க ட்ரோன் வெச்சு எப்படி அளக்குறாங்கனு கேட்டிருந்தீங்கல்ல, ட்ரோன்ல இருந்து பல கோணத்துல ஒண்ணு மேல ஒண்ணு படியுற மாதிரி போட்டோ எடுத்து முப்பரிமாண மாடல் பண்றாங்க, பழைய மாடலோட ஒப்பிட்டா எங்க எவ்ளோ இறங்குச்சுனு தெரிஞ்சிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. 2019ல அதே குழியில தண்ணி தேங்க ஆரம்பிச்சுது, மனுஷன் இறங்க முடியாதுல்ல, அக்டோபர்ல ட்ரோன்ல குடுவையக் கட்டித் தொங்கவிட்டு, கிணத்துல வாளி விடுற மாதிரியே தண்ணி மொண்டுட்டாங்க! 2020 டிசம்பர்ல லாவா (வெளிய வந்த பாறைக் குழம்பு) வந்து அந்த ஏரி மொத்தமும் ஆவியாப் போச்சு.