ஸ்டீமில் மல்டிபிளேயர் கேம் வெளியிடும் முன் என்னென்ன செய்யணும்?

நள்ளிரவு_கோடர்:
நாலு பேர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றை நானும் நண்பரும் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்துக்கு 100 டாலர் கட்டியாச்சு. அடுத்த மாதமே வெளியிடலாமா? முதல் நாளே சர்வர் படுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பனங்காடு:
சர்வரை விட ஆளில்லாத லாபிக்குத்தான் (ஆட்டம் தொடங்க ஆள் சேரும் இடம்) பயப்படணும். காசு கொடுத்து வாங்கியவர் மேட்ச் தேடிக் காத்திருந்து யாரும் வரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்பார். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் கொடுத்துவிடும். அதனால் ஆளுக்குப் பதில் கணினியே ஆடும் பாட் வையுங்கள். தொடக்கத்தில் ஒரே மோடு (ஆட்ட வகை) போதும், ஐந்தாறு வைத்து இருக்கிற கொஞ்சப் பேரையும் சிதறடிக்காதீர்கள்.

கடலோடி:
பணம் கட்டி 30 நாள் ஆகணும், ஸ்டோர் பக்கம் 'விரைவில்' என்று குறைந்தது 2 வாரமாவது நிற்கணும் என்பது விதி. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைப்பது) பெரிதாகச் சேராது, பக்கத்தைப் பல மாதம் முன்பே திறந்துவிடுங்கள். அப்புறம் வெளியீட்டுக்கு முன் ஆட்களை ஆடவிட்டுச் சோதிக்கும் ஸ்டீம் பிளேடெஸ்ட் இலவசம்தானே, அதில் எல்லாரையும் ஒரே மணிக்கு உள்ளே விட்டால் சர்வர் எங்கே திணறுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்பு, டெமோ உறுதியான பிறகு போங்கள்.

நள்ளிரவு_கோடர்:
சரி, தேதியைத் தள்ளிவைக்கிறோம். வெள்ளிக்கிழமை பரவாயில்லையா?

பனங்காடு:
வெள்ளி வேண்டவே வேண்டாம். கோளாறு வந்தால் சனி, ஞாயிறு முழுக்க நீங்கள் இருவரும்தான் பார்க்கணும். செவ்வாய், புதனில் வையுங்கள்.