சூப்பர் விசா இன்ஷூரன்ஸ்: கட்டாயம்னு வாங்க வெச்சுட்டு க்ளெயிம்னு போனா கைய விரிக்கறாங்க

மார்க்கம்_மாறன்:
கொஞ்சம் கோவத்துலதான் எழுதறேன், முதல்லயே சொல்லிடறேன். அப்பா அம்மாவ சூப்பர் விசால, அதான் பெத்தவங்க வந்து ரொம்ப நாள் தங்கறதுக்குன்னு கொடுக்கற விசா, இங்க கனடாவுக்கு கூட்டிட்டு வந்திருக்கோம். ரூல் தெரிஞ்சதுதான், ஆளுக்கு குறைஞ்சது 1,00,000 டாலர் கவரேஜ், ஒரு வருஷத்துக்கு, வைத்தியம் ஆஸ்பத்திரி அட்மிஷன் ஊருக்குத் திருப்பி அனுப்பற செலவு எல்லாம் அதுல இருக்கணும், கொட்டேஷன் காட்டினா செல்லாது, காசு கட்டின பாலிசிதான் வேணும். கட்டினோம். அப்பாவுக்கு 71 வயசு, பிபி உண்டு, பழைய வியாதியையும் கவர் பண்ற பாலிசியா பார்த்து கூடுதலாவே கட்டினோம். வந்து கொஞ்ச மாசத்துல ஒரு ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னார், எமர்ஜென்சிக்கு ஓடினோம், நல்லவேளை பெருசா ஒண்ணும் இல்ல, வெச்சுப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. பில்லை கம்பெனிக்கு அனுப்பினா ஊர்ல வாங்கின ப்ரிஸ்கிரிப்ஷன் எல்லாம் கேட்டாங்க, கொடுத்தோம். கிளம்பறதுக்கு முந்தின மாசம் ஊர் டாக்டர் பிபி மாத்திரை ஆம்லோடிபின் 5 மில்லிகிராம 10 ஆக்கியிருக்கார். போச்சு. "ஸ்டேபிள் இல்ல, நிராகரிக்கப்படுகிறது"ன்னு ஒரே வரில லெட்டர்.

அரசாங்கம் கட்டாயம்னு சொல்லுது, நாம கட்டறோம், கம்பெனிக்கு லாபம், கடைசில பில்லு நம்ம தலைலயே. அப்ப இந்த கட்டாயம் யாருக்காக? இதை எடுத்துடணும்ங்கறது என் கட்சி.

நல்லூரான்:
மாறன், அப்பா இப்ப சுகம்தானே, அது காணும். ஆனா நீங்கள் ரெண்டு விசயத்தைப் போட்டுக் குழப்பிறியள். காப்புறுதி கட்டாயம் எண்டது ஒண்டு, உங்கட கொம்பனி காசு தரேல்லை எண்டது வேறை ஒண்டு. 2011 டிசம்பர் 1ல இந்த விசா வரேக்கை என்ன நிலைமை? அதுக்கு முந்தின மாசம்தான் பெற்றோரை நிரந்தரமாக் கூப்பிடுற ஸ்பொன்சர் விண்ணப்பம் எடுக்கிறதையே நிப்பாட்டினவங்கள், ஃபைல் அவ்வளவு தேங்கிக் கிடந்தது. தாய் தேப்பன் வரட்டும், இருக்கட்டும், வைத்தியச் செலவு மட்டும் எங்கட தலையிலை விழப்பிடாது எண்டுதான் இந்த விசாவையே கொண்டு வந்தவங்கள். 2022 ஜூலை 4ல ஒருக்கா வந்தா 5 வருசம் நிக்கலாம் எண்டு கூட்டினவங்கள், முந்தி 2 வருசம். காப்புறுதியை எடு எண்டு கேட்டீங்கள் எண்டா அவங்கள் விசாவைத்தான் எடுப்பாங்கள்.

என்ர பெரியம்மாவுக்கு இஞ்சை வந்து நிக்கேக்கை பாரிசவாதம் வந்தது. ஐசியூ, வார்ட், பிறகு ஒரு நேர்ஸையும் கூட்டி இலங்கை கட்டுநாயக்கா எயார்போர்ட் மட்டும் கொண்டுபோய் விட்டது, எல்லாம் கொம்பனிதான் கட்டினது. அதே வருசம் காப்புறுதி இல்லாமல் வந்து படுத்த இன்னொராளின்ர மகன் வீட்டை ரீமோர்ட்கேஜ் பண்ணினவர். நான் ரெண்டையும் பக்கத்திலை நிண்டு பாத்தனான்.

மார்க்கம்_மாறன்:
@நல்லூரான் அண்ணே, அந்த இன்னொருத்தர் சாதா விசிட்டர் விசால வந்தவர்தானே? அதைத்தான் கேக்கறேன். விசிட்டர் விசால வந்தா ஆறு மாசம் தங்கலாம், இன்ஷூரன்ஸ் ஒண்ணும் கேக்கறதில்ல. அதே அம்மா, அதே சுகர், அதே பிளைட்டு, விசா பேரு சூப்பர்னு மாறினா மட்டும் ரிஸ்க் வந்துடுதா? ஹார்ட் அட்டாக் அஞ்சாவது மாசம் வராதா? கொள்கைன்னு ஒண்ணு இருந்தா எல்லாருக்கும் இருக்கணும்.

அப்புறம் நான் கட்டற டாக்ஸ் எவ்வளவுன்னு எனக்குத்தான் தெரியும். பிரிட்டன்ல ஆறு மாசத்துக்கு மேல விசா எடுத்து வர்றவங்ககிட்ட பெரும்பாலும் ஹெல்த் சர்சார்ஜ்னு வாங்கிடறாங்க, 2024 பிப்ரவரில இருந்து வருஷத்துக்கு 1,035 பவுண்டு, கட்டினா அவங்க அரசாங்க மருத்துவம் என்ஹெச்எஸ்ல வைத்தியம், எவனும் உக்காந்து பழைய ப்ரிஸ்கிரிப்ஷன நோண்டறதில்ல. இங்கயும் அப்படி ஒரு தொகை வாங்கிட்டு ஓஹிப், அதான் ஒன்டாரியோ மாகாண அரசோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டு கொடுக்கட்டும், நான் சந்தோஷமா கட்டறேன். இந்தப் பணம் ஏன் தனியார் கம்பெனிக்குப் போகணும்?

நல்லூரான்:
கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விசா குடுக்கிறது ஒட்டாவாவிலை இருக்கிற மத்திய அரசு, ஆஸ்பத்திரிக்குக் காசு குடுக்கிறது மாகாணம். ஒட்டாவா சர்சார்ஜை வாங்கிப்போட்டு ஒன்டாரியோவைப் பாத்து நீ வைத்தியம் பார் எண்டா அவன் விடுவானோ? பிரிட்டனிலை வாறவை கனபேர் வேலை செய்யிற வயசுக்காரரும் படிக்கிற பிள்ளையளும். சூப்பர் விசாவிலை வாறது முழுக்க 60, 70, 80 வயசு. ரெண்டுக்கும் ஒரே கணக்குப் போடேலாது. 80 வயசுக்காரருக்கு 1,035 பவுண்டு எண்டா அது காப்புறுதி இல்லை, தானம்.

விசிட்டர் விசா ஓட்டை எண்டு சொன்னது சரி. அப்ப அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேளுங்கோ. நீங்கள் மற்றக் கதவையும் திறந்து விடச் சொல்லிறியள்.

பாலிசி_பாலா:
நான் இந்த இன்ஷூரன்ஸ் விக்கற வேலைலதான் இருக்கேன், டொரொண்டோ பக்கம் மிசிசாகா. முதல்லயே சொல்லிட்டா ஏஜென்ட்டு வந்துட்டான்னு திட்டறத ஒரே தடவைல முடிச்சுக்கலாம் 😀

மாறன் சார், உங்க கேஸ் நான் வாராவாரம் பாக்கறதுதான். ஸ்டேபிள்னா நாம நினைக்கற மாதிரி "உடம்பு நல்லா இருக்கு"ங்கறது இல்ல. குறிப்பிட்ட நாளுக்குள்ள புது வியாதி கண்டுபிடிக்கல, புது அறிகுறி வரல, புது மாத்திரை சேரல, இருக்கற மாத்திரை டோஸ் மாறல, ரிசல்ட் வராத டெஸ்ட்டு எதுவும் நிலுவைல இல்ல, இது அத்தனையும் சேர்ந்தாதான் ஸ்டேபிள். அந்த நாள் கணக்கு பாலிசிக்கு பாலிசி, வயசுக்கு வயசு மாறும், 90, 120, 180னு. டோஸ் கூடினா மட்டும் இல்ல, பல பாலிசில குறைஞ்சாலும் அது மாற்றம்தான். டாக்டர் "சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, பாதி மாத்திரை போதும்"னு நல்ல செய்தி சொல்லியிருப்பார், கம்பெனி கணக்குல அது கெட்ட செய்தி. இன்சுலின், ரத்தம் இளக்கற மாத்திரை இதுக்கெல்லாம் வழக்கமா ஏத்தி இறக்கினா சிலதுல விதிவிலக்கு உண்டு.

பெரும்பாலான பேர் மாட்டறது எங்கன்னா, நாள் கணக்கு பாலிசி வாங்கின தேதில இருந்து பின்னாடி போறதில்ல, கவரேஜ் ஆரம்பிக்கற தேதில இருந்து போகும். விசா அப்ளை பண்றப்ப வாங்கிடறோம், விசா வந்து டிக்கெட் போட்டு வர்றதுக்குள்ள மாசக்கணக்கா ஆயிடுது, நடுவுல ஊர்ல பெரியவங்க "போறதுக்கு முன்னாடி ஒரு முழு செக்கப் பண்ணிக்கலாம்"னு போவாங்க, டாக்டர் சும்மா விடுவாரா, ஒரு மாத்திரைய மாத்துவார். அந்த மாத்தத்த கிளம்பறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட சொன்னா வேற பிளானுக்கோ ஸ்டேபிள் நாள் குறைஞ்ச பிளானுக்கோ மாத்தப் பாக்கலாம். வந்து படுத்தப்புறம் சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

மார்க்கம்_மாறன்:
பாலா சார், நன்றி. ஆனா நீங்க சொன்னத நீங்களே திரும்ப படிச்சுப் பாருங்க. 70 வயசு மனுஷன் ஆறு மாசம் மாத்திரை மாத்தாம இருக்கணும், செக்கப் போகக்கூடாது, போனா கவரேஜ் போச்சு. இப்படி ஒரு பாலிசிய கட்டாயமாக்கினா அது பெரியவங்கள டாக்டர்கிட்ட போகாதன்னு சொல்றதா ஆகுதா இல்லையா? விசா கொடுக்கற குடிவரவுத் துறை ஐஆர்சிசி பாக்கறது தொகை, ஒரு வருஷம், எந்த கம்பெனி, காசு கட்டியாச்சா. ஸ்டேபிள் கிளாஸ் எத்தன நாள்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. பழைய வியாதிய சுத்தமா கவர் பண்ணாத பாலிசிய காட்டினாலும் விசா கிடைக்குது!

பாலிசி_பாலா:
கிடைக்குது, உண்மைதான். மலிவா இருக்குன்னு அதைத்தான் நிறைய பேர் கேட்டு வாங்கறாங்க. டிடக்டபிள் (முதல்ல நாமளே கைல இருந்து கட்டற தொகை) 5,000 டாலர் போடுங்க, ப்ரீ எக்ஸிஸ்டிங் (பழைய வியாதி கவரேஜ்) வேணாம், விசாவுக்கு பேப்பர் இருந்தா போதும்னு போன்லயே சொல்றவங்க உண்டு. அப்புறம் க்ளெயிம் நிராகரிச்சா கம்பெனி திருட்டுப் பயலுக. இப்ப தவணைல கட்டலாம், விசா மறுத்துட்டா பணம் திரும்ப வரும், க்ளெயிம் பண்ணாம சீக்கிரம் ஊருக்குப் போனா மீதி நாளுக்கு பல கம்பெனி திருப்பித் தருது. அதனால முழுசா கொள்ளைன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

சுமதி_டீச்சர்:
வணக்கமுங்க. நீங்கெல்லாம் "கூட்டிட்டு வந்த அப்பா அம்மா"ன்னு பேசறீங்களே, அந்த அம்மாதானுங்க நான். கோயமுத்தூர், அரசுப் பள்ளில ரிட்டயர்டு. பையன் பிராம்ப்டன்ல. எங்க பென்ஷன்ல ஹெல்த் இன்ஷூரன்ஸுக்குன்னு 2022ல வந்த திட்டத்துல மாசம் 497 ரூவா புடிச்சாங்க, நாலு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். அது அங்க செல்லாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஒரு லட்சம் டாலர்னா நம்ம காசுக்கு 60 லட்சத்துக்கு மேல வருது, கேட்டாலே தலை சுத்துது.

ஆனா மாறன் தம்பி, கட்டாயம் வேண்டாம்ங்கறதுல எனக்கு உடன்பாடில்லீங்க. கட்டாயம் இல்லைன்னா எம் பையன் "அம்மாக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு உட்டுருவான், நானும் எதுக்குடா வீண் செலவுன்னு சொல்லிருவேன். எங்க தலைமுறை அப்படித்தான். எனக்கு வருத்தம் வேற. அந்த ஹெல்த் கேள்வித்தாள என்கிட்ட கேக்காமயே பையனும் ஏஜென்ட்டும் போன்ல பேசி நிரப்பிட்டாங்க. எனக்கு 2016ல ஸ்டென்ட் வெச்சது மருமகளுக்குத் தெரியும், பையனுக்கு வருஷம் மறந்து போச்சு. "இதயம் சம்பந்தமா எதாவது"ங்கற கேள்விக்கு இல்லைன்னு போட்டிருக்கான். இது தப்பா போகுமுங்களா?

பாலிசி_பாலா:
டீச்சரம்மா, இன்னிக்கே திருத்துங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. கேள்வித்தாள்ல தப்பு இருந்தா கம்பெனி பாலிசியவே செல்லாதுன்னு ஆக்கிடலாம், அப்புறம் கால் உடைஞ்சு போனாலும் ஸ்டென்ட்ட காரணம் காட்டுவாங்க. திருத்தினா ப்ரீமியம் ஏறும், பரவால்ல.

மெல்போர்ன்_மணி:
எட்டிப் பாத்தேன், சொல்லிட்டுப் போறேன். இங்க ஆஸ்திரேலியால 870 பேரன்ட் விசா 2019ல வந்துச்சு, 3 வருஷம் இல்ல 5 வருஷம், மொத்தம் 10 வருஷம் வரைக்கும். விசா ஃபீஸே ஆயிரக்கணக்குல, அதுக்கு மேல இருக்கற காலம் முழுக்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் வெச்சிருக்கணும். பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலின்னு 11 நாட்டோட மருத்துவ ஒப்பந்தம் இருக்கு, அதுல இந்தியாவும் இல்ல இலங்கையும் இல்ல.

ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்காரர் ரிட்டயர் ஆகி சியாங் மாய் போனார். தாய்லாந்துல 2019 அக்டோபர் 31ல இருந்து 50 வயசு தாண்டினவங்களோட ஓ-ஏங்கற ரிட்டயர்மென்ட் விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம், முதல்ல உள்நோயாளிக்கு 4 லட்சம் பாட், வெளிநோயாளிக்கு 40,000 பாட், அப்புறம் அதையே 30 லட்சம் பாட்டுக்கு ஏத்திட்டாங்க. வயசானவங்களுக்கு பாலிசி கிடைக்கறதே கஷ்டம். ஆனா அதே ஊர்ல நான்-ஓன்னு இன்னொரு விசால ரிட்டயர்மென்ட் எக்ஸ்டென்ஷனுக்கு இன்ஷூரன்ஸ் கேக்கறதில்ல, பேங்க்ல 8 லட்சம் பாட் காட்டினா போதும். மனுஷன் விசா மாத்திக்கிட்டார்.

மார்க்கம்_மாறன்:
@மணி இதைத்தான் காலைல இருந்து சொல்றேன். எங்க போனாலும் பேப்பர்ல கட்டாயம், ஆளுக்கு பாதுகாப்பு இருக்கா இல்லையான்னு யாரும் பாக்கறதில்ல. நல்லூரான் அண்ணே, கோவிட் சமயம் 2020 மார்ச்சுல ஓஹிப் இல்லாதவங்க ஆஸ்பத்திரிச் செலவ ஒன்டாரியோ ஏத்துக்கிச்சு, 2023 மார்ச் 31 வரைக்கும் ஓடிச்சு. மாகாணம் நினைச்சா முடியும்.

நல்லூரான்:
அது கொரோனாவுக்குப் பயந்து செய்தது தம்பி, நிப்பாட்டினதும் அவைதான். ஓஹிப் வேணும் எண்டா பிஆர், அதுதான் நிரந்தர வதிவிடம், எடுக்க வேணும், அதுக்கு நீங்கள் 20 வருசம் பொறுப்பு நிக்க வேணும், அந்தப் பொறுப்புக்கு ஒரு விலை இருக்கு. சூப்பர் விசாவிலை அந்தப் பொறுப்புக்குப் பதிலாத்தான் காப்புறுதி.

மார்க்கம்_மாறன்:
பிஆர் எடுக்கணும்னா எங்க எடுக்கறது! 2020ல பெத்தவங்கள ஸ்பான்சர் பண்ண ஃபார்ம் போட்டவங்க லிஸ்ட்ல இருந்துதான் 2025 வரைக்கும் குலுக்கிட்டு இருந்தாங்க, நான் கனடா வந்ததே 2020க்கு அப்புறம். எனக்கு அந்தக் கதவே இல்ல. இருக்கறது இந்த ஒரு வழி, அதுலயும் ஓட்டை பாலிசி. சரி, கட்டாயத்த எடுங்கங்கறத ஓரமா வெச்சுட்டு ஒண்ணு கேக்கறேன். சூப்பர் விசான்னு பேரு போட்டு விக்கற பாலிசி எல்லாத்துக்கும் ஸ்டேபிள்னா என்ன, எத்தன நாள்னு ஒரே வரையறை, பிபி சுகர் மாத்திரை டோஸ் மாத்தினா அது கணக்குல வராது, இப்படி ஒட்டாவா சொல்லலாமா கூடாதா?

பாலிசி_பாலா:
சொன்னா ப்ரீமியம் ஏறும். எவ்வளவுன்னு இப்பவே யாராலயும் சொல்ல முடியாது, ஆனா ஏறும். 2025 ஜனவரி 28ல இருந்து வெளிநாட்டு கம்பெனி பாலிசியும் செல்லும்னு திறந்து விட்டாங்க, இங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற மத்திய அமைப்பு ஓஸ்ஃபியோட அனுமதி இருக்கணும், இங்க நடத்தற பிசினஸ்ல கொடுத்த பாலிசியா இருக்கணும். போட்டி வந்தா விலை இறங்கும்னு பாத்தோம், நம்ம ஊர்ல விக்கற டிராவல் பாலிசி இதுல வரும்னு நினைச்சு ஏமாந்தவங்கதான் ஜாஸ்தி.

நல்லூரான்:
வரையறை ஒண்டா இருக்கட்டும், அதுக்கு நான் எதிர் இல்லை. விலை ஏறினா ஏறட்டும். எம்பிக்கு எழுதிறதெண்டா எழுதுங்கோ, ஆனா கடைசிப் பந்தியிலை கட்டாயத்தை எடு எண்டு ஒரு வரி இருந்தாலும் நான் கையெழுத்து வைக்க மாட்டன்.

மார்க்கம்_மாறன்:
அந்த வரி இருக்கும் அண்ணே. எனக்கு வந்த லெட்டரையும் சேர்த்து அனுப்பறேன்.

சுமதி_டீச்சர்:
பாலா தம்பி, பையன் இப்பதான் ஏஜென்ட்கிட்ட பேசினான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கேக்கறாங்களாம். அது பீரோல எங்கயோ கெடக்குது, ஆஸ்பத்திரில கேட்டா 2016ம் வருஷத்து காப்பி குடுப்பாங்களாங்க?

பாலிசி_பாலா:
கேட்டுப் பாருங்கம்மா. அப்ப பாத்த டாக்டர் ஒரு லெட்டர் கொடுத்தாலும் பேசிப் பாக்கலாம், எந்த தேதில வெச்சது, இப்ப என்ன மாத்திரை, கடைசியா எப்ப மாத்தினதுன்னு மூணும் அதுல இருக்கட்டும்.