அப்பா டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

அப்பாவுக்கு 58 வயது, தையல்கடை வைத்திருக்கிறார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது 2019இல், விரலில் ஊசி ஏறி டிடி போட்டதுக்கு. காய்ச்சல் என்றால் மெடிக்கலில் ரெண்டு வேளை மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவார். இப்போது ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போகிறார், ஆளும் இளைத்துவிட்டார். கூப்பிட்டால் "போனா இல்லாததையும் இருக்குன்னு சொல்லுவான்" என்கிறார். காசு நான் தருகிறேன், அது பிரச்சினை இல்லை. உங்கள் வீட்டில் எப்படி?

லோடுமேன் மகன்:
காசு பிரச்சினை இல்லை என்பது உங்கள் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான், ஆனால் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, எல்லாம் முடிய மதியமாகிவிடும், அன்றைய கூலி போச்சு. எங்கள் வீட்டில் விழுந்தால்தான் ஆஸ்பத்திரி.

கிராம நர்ஸ்:
ராத்திரி எழுவதும் இளைப்பதும் சேர்ந்தால் முதலில் சுகர் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அவர் வராவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் (2021இலிருந்து இருக்கிறது) வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்ப்பார்கள், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். சுகர் என்று உறுதியானால் மாத்திரை மாதாமாதம், மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்ட், வருடம் ஒரு தடவை கண்ணும் காலும். உடம்புக்கு முடியாதபோது மட்டும் போகிற பழக்கம் இதில் உதவாது.

மருமகள்:
என் மாமனாரும் இதே ரகம். செருப்பில் ஆணி ஏறியிருந்தது, ரெண்டு நாள் அதோடுதான் நடந்திருக்கிறார், சுகரில் கால் மரத்துப்போய் வலியே தெரியவில்லை. தரையில் ரத்தக்கறை பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் காசும் இருந்தது நேரமும் இருந்தது, பயம்தான். இப்போது "எனக்குத் தலைசுற்றுது மாமா, துணைக்கு வாங்க" என்று கூட்டிப்போய் அவரையும் காட்டிவிடுகிறேன். பொய்தான், என்ன செய்ய.

கேட்டவர்:
நர்ஸக்கா சொன்னபடி சொல்லிவைத்தேன், நேற்று கடைக்கே வந்து பார்த்தார்கள். சுகர் 340. அப்பா "மெஷின் கோளாறு" என்றார். அந்த அக்கா சிரிக்காமல் தன் விரலில் குத்திக் காட்டினார், 104. அப்புறம் அப்பா ஒன்றும் பேசவில்லை. நாளை ஓபிக்கு வருகிறாராம், முகூர்த்தத்துக்குத் தர வேண்டிய ரெண்டு ஜாக்கெட்டை இன்றைக்கே முடித்துவிட்டால்.