நீலத்திரையில் நின்றுவிடும் வீட்டுக் கணினி: ஹார்ட் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 2013இல் வாங்கிய மேசைக் கணினியை எங்கள் வீட்டில் இன்றும் பயன்படுத்தி வருகிறோம். அதில் விண்டோஸ் 10 உள்ளது. ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து அதை இயக்கியபோது, விண்டோஸ் சின்னம் தோன்றிய சில நொடிகளில் நீலத்திரை வந்து, கணினி தானாகவே மீண்டும் தொடங்கியது. அன்று முதல் எத்தனை முறை முயன்றாலும் இதுவே நடக்கிறது. பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதியது போட்டு விண்டோஸை முதலிலிருந்து நிறுவ வேண்டும் என்று சொல்லிச் சென்றார். மறைந்த என் தாயாரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அதில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை இழக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

ஐயா, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். மூன்று விவரங்கள் தேவை. நீலத்திரையின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? இயக்கியவுடன் டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள மென்பொருள்) போனால், அங்கே ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? அதே பக்கத்தில் என்ன தேதி காட்டுகிறது? முற்றிலும் செயலிழந்த டிஸ்க் பெரும்பாலும் பயாஸில் தென்படாது, அல்லது டிக் டிக்கென்று ஒலி எழுப்பும். அப்படி எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால்தான் கேட்கிறேன்.

கேட்டவர்

உடனே பதில் தந்தமைக்கு நன்றி. 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருக்கிறது. பயாஸில் ஒரு டெராபைட் டிஸ்க்கின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. ஒலி எதுவும் இல்லை. ஆனால் தேதி 2013 ஜனவரி 1 என்று இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இயக்கியதும் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி ஒரு செய்தி வருகிறது, அதை அழுத்தினால்தான் மேலே போகிறது. மின்னலுக்குப் பயந்து தினமும் இரவில் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

பதில் 2

தேதி பின்னோக்கிப் போயிருப்பதும் எஃப்1 செய்தியும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், இருக்கும் காசு வடிவ பேட்டரியை. அதன் எண் பெரும்பாலும் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது என்பதே அந்த எண்ணின் பொருள். சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) தரும் சிறு மின்சாரத்திலேயே உள்கடிகாரம் ஓடும். ஸ்விட்சை அணைத்தால் அந்தப் பொறுப்பு முழுவதும் பேட்டரியின் மேல் விழும். பத்தாண்டு பழைய பேட்டரி உங்கள் பன்னிரண்டு நாள் பயணத்தில் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும்தானே கெட வேண்டும், விண்டோஸ் ஏன் நிற்கிறது என்று தோன்றலாம். உங்கள் கணினியின் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில், பேட்டரி தீரும்போது பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அவற்றுள் ஒன்று, ஹார்ட் டிஸ்க்குடன் எந்த முறையில் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் சாட்டா மோட். உங்கள் விண்டோஸ் ஏஹெச்சிஐ என்னும் புதிய முறையில் நிறுவப்பட்டிருந்து, பயாஸ் இப்போது ஐடிஇ என்னும் பழைய முறைக்கு மாறியிருந்தால், தொடக்கத்தில் தேவைப்படும் டிரைவர் (டிஸ்க்கை இயக்க உதவும் சிறு மென்பொருள்) கிடைக்காமல் விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடைய முடியாது. நீங்கள் எழுதியுள்ள ஆங்கில வாசகத்தின் பொருளும் அதுதான். டிஸ்க் நலமாக இருந்தும் போய்விட்டது என்று தவறாக முடிவுகட்டப்படுவது இப்படித்தான்.

பதில் 3

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். செய்யும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பின்புற மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பின்பே மூடியைத் திறங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதிய பேட்டரியைப் பொருத்துங்கள். பிறகு பயாஸில் தேதியைத் திருத்தி, சாட்டா மோடை ஏஹெச்சிஐக்கு மாற்றி, எஃப்10 மூலம் சேமியுங்கள். தேதியை விட்டுவிட்டால் விண்டோஸ் வந்தாலும் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. ஒற்றை டிஸ்க் உள்ள கணினியில் ஏஹெச்சிஐ, ஐடிஇ இரண்டுக்கும் இடையே மாற்றிப் பார்ப்பதால் கோப்புகள் அழியாது. அப்போதும் தொடங்காவிட்டால், லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் படங்களை வெளியே எடுத்துவிட முடியும். அதன் பிறகு மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

கேட்டவர்

பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தபோது 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9தான் இருந்தது. சாட்டா மோட், நீங்கள் சொன்னபடியே, ஐடிஇ என்று மாறியிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் முதல் முயற்சியிலேயே விண்டோஸ் தொடங்கிவிட்டது. அம்மாவின் படங்கள் அனைத்தும் இருக்கின்றன. இதை எழுதும்போதே அவற்றை இரண்டு பென்டிரைவுகளில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை என் தங்கையின் வீட்டில் கொடுத்துவைக்கப் போகிறேன். மூவருக்கும் என் குடும்பத்தின் நன்றி.